டர்போவைத் தின்ற சாமந்தி

அந்தக் காரின் பானெட்டை நான் முதன்முதலாக என் கையால் திறந்தது விவாகரத்துக்குப் பிறகுதான். கல்யாணமான நாளிலிருந்து அதுவரை எனக்கு அதில் இருந்த உரிமை, வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைப்பது மட்டும். அதிலும் கண்ணாடியைத் துடைக்கும்போது வைப்பரைத் தூக்கக் கூடாது. "வேணாம், உனக்குத் தெரியாது" என்பார் கணவர். ஆராய்ச்சி மையத்தில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று காட்டுகிற முள் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சோதித்து முத்திரை வைக்கிறவள் நான். என் முத்திரையை நம்பி அங்கே பெரிய பெரிய பம்புகள் ஓடின. வீட்டில் வைப்பரைத் தூக்கத் தகுதியில்லை.

கார் அவருடைய சித்தப்பாவுடையது. சிங்கப்பூரிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். சிவப்பு ஜப்பான் கார், இரண்டே கதவு, மூக்கு தரையை மோந்துகொண்டே போகும். செங்கல்பட்டுச் சாலைகளில் அதன் வயிறு நாலு முறை இடித்ததும் சித்தப்பாவுக்கு ஆசை விட்டுப்போய்விட்டது. அண்ணன் மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அம்பாசடருக்கு மாறிக்கொண்டார். தொண்ணூறுகளின் நடுவில், மையத்து ஊழியர்கள் குடியிருந்த எங்கள் டவுன்ஷிப்பில் ஸ்கூட்டர் வைத்திருந்தவரே பெரிய ஆள். என் கணவர் டர்போ வைத்த கார் வைத்திருந்தார். அதற்கப்புறம் அவர் கால் தரையில் பாவவில்லை.

டர்போ என்பது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. என்ஜின் வெளியே தள்ளுகிற புகை ஒரு சின்ன விசிறியைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு விசிறி இருக்கும். அது வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிக்கும். நிறையக் காற்று, நிறையப் பெட்ரோல், நிறைய வேகம். சுழலும்போது ஒரு விசில் சத்தம் வரும். அந்த விசிலுக்காகத்தான் அவர் உயிரை விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி விசிலைக் கேட்க வைப்பார். வேலை தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன். கழற்றுவதில் இருந்த வேகம் மாட்டுவதில் இருந்ததில்லை. மீந்துபோன நட்டுகளை ஒரு தேங்காய் எண்ணெய் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

எல்லாம் நாசமானது ஓர் ஆயுத பூஜையன்று. முதல் நாள் முழுக்க அவர் காரைச் சர்வீஸ் செய்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றி ஊதித் தட்டி மறுபடி மாட்டினார். மறுநாள் காலை மாமியார் செங்கல்பட்டிலிருந்து பொரி கடலை, வாழைக்கன்று எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். நான் வழக்கம்போல் சந்தனம் குங்குமம் வைத்து, காரின் முன்பக்கம் சாமந்தி மாலை கட்டினேன். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பூஜையில் பூசணிக்காய் உடைப்பதைவிட விசில்தான் விசேஷம்.

அவர் ஸ்டார்ட் செய்தார். ஆக்சிலரேட்டரை மிதித்தார். விசில் மேலே ஏறியது. சட்டென்று தகரத்தைக் கத்தரிப்பது மாதிரி ஒரு கிறீச்சொலி, பின்னால் நீலப் புகை. எல்லோரும் இருமிக்கொண்டே ஒதுங்கினார்கள். என் கையிலிருந்த தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். குனிந்து ஏதோ தடவிப் பார்த்தார். மாமியார் கிட்டே போய் என்னவென்று விசாரித்தார். பிறகு அவர் ரேடியேட்டர் மேல் கிடந்த ஒரு சாமந்தி இதழை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

"பூவு உள்ள பூட்ச்சி. இவ கட்ன மாலதான்."

"ஃபில்டர் இருக்கே. அதைத் தாண்டிப் பூ எப்படிப் போகும்?" என்று கேட்டேன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன்.

"உனுக்கு இன்னா தெரியும்? வாய மூடு."

மாமியார் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார். "அப்பவே சொன்னேன், கேட்டியாடா? இவ கை ராசி கெட்ட கை. இவ தொட்டது எதுனா வெளங்கிகீதா? எத்தினி வருசமாச்சி, வூட்ல ஒரு தொட்டில் கட்னமா?"

நின்றிருந்தவர்களில் ஒருவர்கூட "என்னம்மா இது" என்று சொல்லவில்லை. பொரியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த நிமிஷத்தோடு என் மனசில் 'அவர்' செத்துப்போனது. இனி அவன் என்றே எழுதுகிறேன்.

ராசியில்லாத கை என்ற பேர் எப்படிப் பரவும் என்று தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். எதிர்வீட்டுக்காரி தன் மகள் காதுகுத்துக்கு என்னைக் கூப்பிட்டாள், ஆனால் தட்டு எடுக்கச் சொல்லவில்லை. உடன் வேலை பார்த்தவள் கேளம்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது, பொங்கி வந்த பாலை இறக்கப் போன என் கையிலிருந்து பிடிதுணியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "நீங்க உட்காருங்க மேடம், நான் பாத்துக்கறேன்." அவ்வளவு இனிமையாகச் சொன்னாள். என் சொந்தத் தங்கையின் வளைகாப்பில், முதல் வளையலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். என் அம்மா முழங்கையைப் பிடித்து, "நீ கடைசியா போடேன்" என்றார். கடைசியில் என் முறை வருவதற்குள் எல்லோரும் கலந்த சாதம் சாப்பிடப் போய்விட்டார்கள். வளையல் என் கையிலேயே இருந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அழவில்லை. வெச்சுக்கிறேன்டா உன்னை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கார் வீட்டோரத்து ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. செங்கல்பட்டிலிருந்து ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்து வரட்டுமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "அந்தச் சனியன தொறக்கவே வேணாம் சார்" என்றான். விசிலுக்காக உயிரை விட்டவன், அதன் பக்கமே போகவில்லை. எனக்கு அது விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் வருத்தம் என்று நினைத்தேன்.

அப்புறம் அவன் அரசாங்க வேலையை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனான். கேளம்பாக்கத்தில் ஃப்ளாட். குவார்ட்டர்ஸ் என் பெயரில் இருந்ததால் நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பரஸ்பர சம்மதத்தோடு பிரிவது என்று பேசியபோது, எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம், அந்தக் கார் வேண்டும் என்றேன். என் வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவனோ சிரித்தான். "ஓடாத வண்டிய வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றபடி கையெழுத்துப் போட்டான். என் மேல் போட்ட பழிக்கு ஒரே சாட்சி அந்தக் கார்தான். சாட்சியை யாராவது எதிராளி வீட்டில் விட்டுவைப்பார்களா?

அடுத்த சனிக்கிழமை தார்ப்பாயை உருவினேன். எலி குடித்தனம் நடத்திய நாற்றம். ஃபில்டர் பெட்டியைக் கழற்றினேன். அதிலிருந்து டர்போவுக்குப் போகிற ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினேன். அது இழுபறியாக வந்தது. உள்ளே விரலை விட்டேன். பூ இல்லை. காய்ந்த இதழ்கூட இல்லை. துணி தட்டுப்பட்டது.

மூக்குக்குறடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். பாதி, விசிறியின் இறக்கைகளில் முறுக்கிக்கொண்டிருந்தது. மீதி வெளியே வந்தது. ஒரு கைவைத்த பனியன். கழுத்துப் பட்டையில் எங்கள் வீட்டுத் துணிக்குச் சலவைக்காரர் போடும் குறி இருந்தது. ஃபில்டரைக் கழற்றும்போது தூசி போகாமலிருக்கக் குழாய் வாயில் துணி அடைப்பார்கள். மாட்டும்போது எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்திருக்கிறான். காற்றை இழுத்த டர்போ பனியனையும் இழுத்து விழுங்கிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் ஒருபடி மேலே போய், கோலம் போட்டவளைப் பிடித்து உதைத்திருக்கிறான்.

ஷெட் தரையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

அப்போதே பனியனைக் கொண்டுபோய் நாலு பேரிடம் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால், ஓடாத காரின் பக்கத்தில் எண்ணெய்க் கந்தையோடு நிற்கும் விவாகரத்தான பெண் என்று பார்த்திருப்பார்கள். ஐயோ பாவம் என்றிருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். முதலில் இந்தக் கையால் இந்தக் கார் ஓட வேண்டும். அதற்கப்புறம் அவனை அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால் நிறுத்தி, அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பனியனை ஓர் ஊறுகாய் பாட்டிலில் திணித்து மூடி வைத்தேன்.

வேலையை வேலை செய்துதான் கற்றுக்கொண்டேன். ஒவ்வொன்றையும் கழற்றும்போதே பழைய தட்டில் வரிசையாக வைப்பேன். வைத்த வரிசையிலேயே திரும்ப மாட்டுவேன். ஒரு நட்டு மீந்தால் அன்று சாப்பாடு கிடையாது என்று எனக்கு நானே சட்டம். கடல் காற்று பெரிய எதிரி. எங்கள் சதுரங்கப்பட்டினத்துக் காற்றில் அலுமினியம்கூட வெள்ளையாகப் பூத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு அடிப்பாகத்தைக் கழுவி, டீசல் தொட்ட துணியால் துடைத்துவிடுவேன். பிரேக் குழாய்கள் துரு ஏறி இற்றுப்போயிருந்தன, எல்லாவற்றையும் மாற்றினேன். ஆபீஸ் விட்டு வந்தால் நைட்டிமேல் பழைய லேப் கோட்டு. டவுன்ஷிப்பில் எனக்குக் கிறுக்கு என்ற பேரும் சேர்ந்துகொண்டது. ஒன்றோடு ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

டர்போ செத்தது செத்ததுதான். இறக்கைகள் மடங்கி, அச்சு ஆடியது. ஜப்பானிலிருந்து புதிது வரவழைக்கிற வழியெல்லாம் எனக்குத் தெரியாது. செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்தில் லாரி டர்போக்களைப் பிரித்துச் சரிசெய்கிற ஒருவர் இருந்தார். பையிலிருந்து எடுத்து அவர் மேஜையில் வைத்தேன்.

"இன்னாம்மா இது? பொம்பளைங்க சமாச்சாரமா இது? வூட்டுக்காரர அனுப்பு, நான் பேசிக்கிறேன்."

"வூட்டுக்காரர் கழண்டுகினு போயிட்டாரு. டர்போதான் மிச்சம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதோடு அவரைப் பற்றிச் சொல்ல நல்லது முடிந்தது. "பெருசா போட்டா பெருசா ஓடும்மா, எங்கிட்ட உடு" என்று ஒரு லாரி டர்போவை எடுத்துக் கொடுத்தார். நானும் நம்பிப் பொருத்தினேன். என் கார் என்ஜின் விடுகிற புகைக்கு அவ்வளவு பெரிய விசிறி சுழலவே இல்லை. திருக்கழுக்குன்றம் சாலையில் மிதிக்கிறேன், மிதிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் சீமந்தத்துக்கு வரும் சொந்தக்காரர் மாதிரி, நான் காலை எடுக்கலாம் என்று நினைத்த நேரத்தில் வந்து முதுகில் குத்தியது. ஓர் எருமை மயிரிழையில் தப்பியது. திரும்பப் போய் மேஜைமேல் டமாலென்று வைத்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, மோதி நொறுங்கிய ஒரு டீசல் வேனிலிருந்து எடுத்த சின்ன டர்போவை எடுத்து வைத்தார்.

அது அளவு சரி. ஆனால் என் என்ஜினின் புகைவாயில் உட்காரவில்லை. துளைகள் வேறு இடத்தில் இருந்தன. பால் டப்பா அட்டையில் இரண்டின் துளைகளையும் வரைந்தெடுத்து, நடுவில் வைக்க ஓர் இரும்புத் தகடு வெட்டி வாங்கிவந்தேன். காற்றை அளவுக்கு மேல் திணித்தால் என்ஜின் வெடித்துவிடும். அதற்கு ஒரு வால்வு உண்டு, குக்கர் வெயிட் மாதிரி. குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் திறந்து மிச்சப் புகையை விசிறிக்குப் போகாமல் வெளியே விட்டுவிடும். டீசலுக்கு வைத்த அழுத்தம் பெட்ரோலுக்கு ஆகாது. இங்கேதான் என் பிழைப்பு எனக்குக் கைகொடுத்தது. சமையல் மேடையில் வால்வை இடுக்கியில் பிடித்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, ஒரு நல்ல அழுத்தமானியை நடுவில் வைத்து, வால்வின் கம்பி எப்போது அசைகிறது என்று பார்த்துப் பார்த்து அரைச் சுற்று, கால் சுற்றாகத் திருகினேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த மானியையே டாஷ்போர்டில் பொருத்தினேன். அந்த இடத்தில் மாமியார் ஒட்டிய பிள்ளையார் இருந்தார். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்று ஓரத்தில் ஒட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

டர்போவிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும், அதைக் குளிரவைத்து உள்ளே அனுப்பினால் இன்னும் வேகம். அதற்காக அதே வேனின் குளிரூட்டிப் பட்டையை வாங்கி, காரின் மூக்குக்குள் வைக்க இடம் போதாமல் பம்பரை அறுத்தேன். அவன் தினமும் தடவிக்கொடுத்த பம்பர். ரம்பம் ஓடும்போது உண்மையிலேயே சுகமாக இருந்தது.

முதன்முதலில் ஓட்டியது ஒரு விடிகாலையில். டச்சுக்காரன் கோட்டை வரைக்கும் மெதுவாக. ஒழுகல் எதுவும் இல்லை. பிறகு மாமல்லபுரம் பக்கம் திருப்பினேன். புதிதாக அகலப்படுத்திய சாலை, சவுக்குத் தோப்பு, ஒருவரும் இல்லை. மூன்றாவது கியரில் மிதித்தேன். முள் நான் வைத்த இடம் வரை ஏறி, நான் வைத்த இடத்திலேயே நின்றது. விசில் கேட்டது. அவன் காலத்து விசிலைவிடக் கனமான விசில். கண்ணாடியை இறக்கிவிட்டு, வாய்க்கு வந்த அத்தனை வசவையும் அவன் பெயர் சொல்லிக் கடலைப் பார்த்துக் கத்தினேன். சில நல்ல வசவுகள். இங்கே எழுத முடியாது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எனக்கு ஒரு வழக்கம் வந்தது. கோவளம் வழியாகக் கேளம்பாக்கம் போவேன். அவன் ஃப்ளாட் வாசலில் மெதுவாக்கி, ஒரு மிதி மிதித்து விசிலை எழுப்பிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவ்வளவுதான். அவன் பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருப்பான். முதல் தடவை பிரஷ் வாயிலேயே நின்றது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். ஆனாலும் நான் போனேன். வாட்ச்மேன் எனக்கு சல்யூட் அடிக்கப் பழகிவிட்டார். அற்பம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போக்குவரத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் வீணானதாக நான் கருதவில்லை.

இதற்கு நடுவில் டவுன்ஷிப்பில் ஒரு கூத்து நடந்தது. செத்த காரை எழுப்பிவிட்டாள் என்று பேச்சு கிளம்பி, என் கை திடீரென்று ராசியான கை ஆகிவிட்டது. முதலில் வந்தது அந்த எதிர்வீட்டுக்காரிதான், காதுகுத்தில் தட்டு கொடுக்காதவள். புது மொபெட் வாங்கியிருந்தாள். "உங்க கையால ஸ்டார்ட் பண்ணிக் குடுங்களேன்" என்று சாவியை நீட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் உதைத்துக் கிளப்பிக் கொடுத்தேன், லட்டும் வாங்கிக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் கற்ற வேலை யார் கண்ணுக்கும் படவில்லை. கையைத்தான் பார்த்தார்கள், அன்றைக்கும் இன்றைக்கும். அவர்கள் தந்த லட்டு மட்டும் நன்றாக இருந்தது.

அந்தப் பேச்சு செங்கல்பட்டு வரை போயிருக்கிறது. ஒரு விடுமுறை நாள் காலை ஒரு புத்தம்புது வெள்ளைக் கார் மாலையோடு என் வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தது அவன். பின்சீட்டில் மாமியார்.

அவன் இறங்கினான். தொப்பை போட்டிருந்தான். "அம்மாதான் ஒரே புடிவாதம். புது வண்டி, ஒங்கையால ஒருவாட்டி ஓட்டிக் குடுத்தா நல்லா இருக்கும்னு."

மாமியார் இறங்கவில்லை. முழங்கால் வலியாம். கண்ணாடியை இறக்கி, "நல்லாகீறியாம்மா? ஒங்கை ராசி ஊரு பூரா பேசுது" என்றார். வெட்கமோ கூச்சமோ ஒரு துளி இல்லை. அக்கம்பக்கத்தார் அதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். பாதிப் பேர் அன்றைக்குப் பொரி வாங்கிக்கொண்டு போனவர்கள். நான் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த வாசல், ஆட்கள், அவன், எல்லாம் தானாக வந்து கூடியிருந்தன. ஓட்டிக்காட்டிவிட்டு வந்து பாட்டிலை எடுத்து வைப்பது என்று முடிவு செய்துகொண்டு சாவியை வாங்கினேன்.

"எலுமிச்சம்பழம் நசுங்குறதைப் பாருங்க" என்று அவனை முன்சக்கரத்துப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பழம் நசுங்கியது. நான் நிறுத்தவில்லை. நேராக மெயின் ரோட்டுக்கு வந்து வடக்கே திருப்பினேன்.

"எங்கடி போற?" என்றார் மாமியார், பயமில்லாமல்தான்.

"சும்மா ஸ்டார்ட் பண்ணினா போதுமா அத்தை? நல்லா ஓட்டித் தரணும்ல."

மாமல்லபுரம் தாண்டியதும் கேட்டேன். "அத்தை, அன்னைக்கு ஆயுத பூஜையில டர்போ எப்படிப் போச்சு தெரியுமா? பூவால இல்ல. குழாய்க்குள்ள உங்க பையன் பனியன் இருந்துச்சு. அவர் அடைச்சு வெச்சு எடுக்க மறந்தது."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அது மாறும் என்று அத்தனை வருஷம் காத்திருந்தேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியுமே. பானெட்டத் தொறந்து தடவுனப்பவே அவனுக்குத் தெரிஞ்சிபோச்சி. எங்கிட்டதான் காதுல சொன்னான். நாந்தான் பூவுன்னு சொல்லுடான்னேன்."

வேகத்தைக் குறைத்தேன்.

"பின்ன இன்னா பண்றது? அத்தினி பேரு எதுர்ல ஆம்பள பேரு கெடலாமா? நீ பொம்பள, உனுக்கு இன்னா, ரெண்டு நாள்ள மறந்துடுவ. இப்ப பாரு, நல்ல ராசியின்னு ஊரே சொல்லுது. இன்னும் அதையா நெனச்சிகினு கீற?"

என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தப் பாட்டில். எனக்கு மட்டும் தெரிந்த உண்மை என்று நினைத்திருந்தேன். நான் கற்பூரத் தட்டோடு நின்றபோதே அது அவர்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் என் கையைச் சொன்னார்கள். பாலும் வளையலும் போனது ஒரு தவறினால் இல்லை. ஓர் ஆம்பளை முகத்தில் ஒரு நிமிஷம் அசடு வழியாமல் இருப்பதற்காக.

நெம்மேலிப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. வேப்பமர நிழல், பக்கத்தில் ஓர் இளநீர்க்கடை. காரை நிழலில் ஓரங்கட்டினேன். நாலு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இளநீர் விற்ற அம்மாவிடம், "இவங்களுக்கு ஒண்ணு வெட்டிக் குடுங்க, பையன் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றேன்.

"இன்னாடி, எங்க போற?"

"உங்க பையன அனுப்பி வைக்கிறேன் அத்தை."

தெற்கே போகும் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது, வாசலில் கூட்டம் கலையாமல் இருந்தது. அவன் ஓடிவந்தான்.

"அம்மா எங்க? வண்டி எங்க?"

"நெம்மேலி ஸ்டாப்புல, வேப்பமரத்தடியில. வண்டி நல்லா ஓடுது, ஒரு குறையும் இல்ல." சாவியை அவன் கையில் வைத்தேன்.

"பைத்தியமாடி நீ? வயசானவங்கள ரோட்ல விட்டுட்டு... சரி, வா, ஒன் வண்டிய எடு. கொண்டுபோயி விடு."

"விடறேன்" என்றேன். "அன்னைக்கு ஆயுத பூஜையில பானெட்டைத் திறந்துட்டு உங்க அம்மா காதுல என்ன சொன்னீங்க? அதை இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தரம் சொல்லுங்க. சொன்ன உடனே வண்டிய எடுக்கறேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி கிட்டே வந்து நின்றாள். ஒரே ஒரு வாக்கியம். துணியை எடுக்க மறந்துட்டேன். இரண்டு மூச்சுக்குள் சொல்லிவிடலாம். அவனைப் பெற்றவள் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், என் கார் பத்தடியில் நிற்கிறது.

அவன் என்னைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான். பிறகு திரும்பி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். வெயிலில் வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக.

"அப்படி என்னத்த சொல்லச் சொன்னீங்க மேடம்?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"அதைச் சொல்றதைவிட பெத்தவளை ரோட்டில காக்க வைக்கிறது அவருக்குச் சுலபமா இருக்கு. நீங்களே யோசிச்சுக்கோங்க" என்றேன். அவள் அவன் போன திசையைப் பார்த்தாள். அப்புறம் ஷெட்டைப் பார்த்தாள். யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது. அவள் யோசித்தால் சாயங்காலத்துக்குள் டவுன்ஷிப் முழுக்க யோசிக்கும். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

பழி தீர்த்துக்கொண்டால் மனசு வெறிச்சென்று ஆகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படியெல்லாம் ஆகவில்லை. அன்று மத்தியானம் நன்றாகப் பசித்தது. கத்திரிக்காய்க் குழம்பு வைத்து, இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.